நான்கு முறை தொட்டால் திறக்கும் கதவு

வெர்னா ஹூசாக் பதினான்கு வருஷம் ஒரு விண்கலத்தில் வேலை பார்த்தாள், ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

பேசத் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பர்னபி என்ற ஊரில் கிங்ஸ்வே சாலை மளிகைக் கடையில் அவள் கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்பார்கள். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் பின்னணியில் உட்காரும் துணை நடிகர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உதட்டை அசைக்கலாம், சத்தம் வரக் கூடாது. ஒரே ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்து அது காட்சியிலும் தங்கிவிட்டால், அந்த ஆளை அன்றிலிருந்து நடிகர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் பெயர் போட வேண்டும். அந்தப் பெரிய மனசு எந்தக் கம்பெனிக்கு இருக்கிறது? அதனால் உதவி இயக்குநர்கள் தினமும் காலையில் அவளிடம் வந்து, "வெர்னா, வாய்... வாய் பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் அங்கே போனதே ஒரு கூத்து. கடையில் ஒருநாள் வரிசையில் நின்ற பெண்ணொருத்தி, முட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மூஞ்சியப் பார்த்தா எதுக்குமே ஆச்சரியப்படாத மூஞ்சியா இருக்கு. ஒருநாள் டி.வி. தொடர்ல வந்து உக்காருவீங்களா?"

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"அப்ப வர்றேன். முட்டையக் கீழ வை, உடைஞ்சிடப் போவுது."

தொடரின் பெயர் 'நாரைக்கலம்'. ஆறு வாரம் ஓடினால் பெரிது என்று எடுத்தவர்களே சொன்னார்கள். பதினான்கு வருஷம் ஓடியது. கலத்துக்கு மூன்று கேப்டன்கள் மாறினார்கள். மருத்துவர் இரண்டு முறை செத்து மூன்று முறை பிழைத்தார். கேப்டனுக்கு இடப்பக்கம் பின்னால் மூன்றாவது நாற்காலியில் மட்டும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் வெர்னாதான். கடையில் வாரத்துக்கு மூன்று நாள், கலத்தில் இரண்டு நாள். கதை எழுதியவர்கள் அவளுக்கு ஒரு பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை. தாளில் 'மூன்றாம் இருக்கை, பெண்' என்று இருக்கும், அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் வண்ணப் பொத்தான்கள், மூன்று மூன்றாக மூன்று வரிசை, அடியில் ஒன்று தனியாக. முதல் நாள் உதவி இயக்குநன், "எதையாவது அமுக்கிட்டே இருங்க, பிசியா இருக்கற மாதிரி" என்றான். வெர்னா பலகையைப் பார்த்தாள். கல்லாவில் இருக்கும் எண் பலகையும் அச்சு அசல் இதே அமைப்புதான். கேப்டன், கலத்தின் வெளிக்கதவைத் திறக்கச் சொல்லி, "வாயிலைத் திற!" என்று கத்தினார். அவள் விரல் தானாகப் போய் வாழைப்பழத்தை அமுக்கியது.

பழத்துக்கும் காய்க்கும் ஒவ்வொரு எண் உண்டு, கல்லாக்காரர்களுக்கு மனப்பாடம். வாழைப்பழம் நான்கு, பூஜ்யம், ஒன்று, ஒன்று. வண்ணத்தில் சொன்னால் மஞ்சள், வெள்ளை, நீலம், நீலம். அன்றிலிருந்து வாயில் திறக்க வாழைப்பழம். எதிரி வந்தால் வெங்காயம். கலம் கிளம்பினால் எலுமிச்சை. ஒரே வேலையை இன்றைக்கு ஒரு விதம் நாளைக்கு ஒரு விதம் செய்கிறவர்களை வெர்னாவுக்குக் கண்டாலே ஆகாது. அதனால் பதினான்கு வருஷமும் அவள் மாற்றவில்லை. யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

கேட்காமலே கண்டுபிடித்த ஒரு கூட்டம் இருந்தது. ரசிகர்கள்.

ரசிகர்கள் என்றால் வெர்னாவுக்கு இளக்காரம். வருஷத்துக்கு ஒரு முறை ரிச்மண்டில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் கூடுவார்கள். நாற்பது வயது ஆண்கள் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கலத்தின் எரிபொருளைப் பற்றிச் சண்டை போடுவார்கள். "பொழப்பத்ததுங்க" என்பாள் வெர்னா. அந்தப் பொழப்பற்றவர்களுக்குத் தலைவன் லைல் பெக்வித். நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை, கல்யாணம் இல்லை, நாற்பத்து நான்கு வயது. அவன் வெர்னாவின் விரல்களை எபிசோட் எபிசோடாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எப்போது எந்தப் பொத்தானை அமுக்குகிறாள் என்று இருநூறு பக்கத்துக்கு ஒரு புத்தகமே எழுதினான். 'மூன்றாம் இருக்கையின் மொழி' என்று தலைப்பு. அவளுக்கு 'ஓர்வா' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். ஓர்வா எந்தக் கிரகத்தில் பிறந்தாள், ஏன் பேசுவதில்லை என்பதற்கெல்லாம் கதை கட்டினார்கள். புத்தகத்தின் ஒரு பிரதியைக் கையெழுத்துப் போட்டு அவளுக்கே அனுப்பினான் லைல். அவள் வீட்டுச் சமையலறை மேசைக்கு ஒரு கால் குட்டை. வெர்னா புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அந்தக் காலுக்கு அடியில் சொருகினாள். கன கச்சிதமாகப் பொருந்தியது.

தொடர் நின்றது. நின்று மூன்று வருஷம் வெர்னா வாரத்தில் ஐந்து நாளும் கல்லாவிலேயே நின்றாள். கால் வலித்தது. வாழைப்பழத்தை அமுக்கும்போது எதிரே எந்த வாயிலும் திறக்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் அந்த வெள்ளித்தாள் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுவாளே!

அப்போதுதான் 'நாரைக்கலம்' சினிமாப் படமாக வரப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். படமாக வந்தால் உலகம் முழுக்கப் பெயர் கிடைக்கும் என்றது ஒரு கட்சி. உள்ளதையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிடுவார்கள் என்றது இன்னொன்று. படக் கம்பெனிக்குப் பயம். முதல் நாளே இதுகள் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே தயாரிப்பாளன் ப்ரைஸ் கல்லஹன், சலவை மடிப்புக் கலையாத சட்டையும் பல்லுமாக, ரிச்மண்ட் மண்டபத்துக்கே வந்து இறங்கினான். ரசிகர்கள் கைதூக்கிச் சம்மதம் சொல்வதைப் படம் பிடித்து விளம்பரத்தில் போட வேண்டுமாம். கூட்டம் சும்மா விடுமா? ஓர்வா பேசட்டும், ஓர்வா சொன்னால் கேட்கிறோம் என்று ஒரே கூச்சல். கடைக்கே போய் வெர்னாவை அழைத்து வந்தான் லைல்.

அறுபத்தொரு வயதில், கடை அங்கியோடு, வெர்னா மேடை ஏறினாள். மண்டபம் கப்சிப் ஆனது. அந்தக் குரலை அவர்களில் பெரும்பாலானவர்கள் கேட்டதே இல்லை.

"என்ன வாயப் பொளந்து பாக்கறீங்க? எனக்கும் நாக்கு இருக்கு" என்றாள். சிரிப்பு வெடித்தது. "படம் எடுக்கணுமாம் படம். உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? நம்ம தொடர்ல ஒரு வாரம் முழுக்கக் கேப்டனுக்குப் பல்வலி. வேற ஒண்ணும் நடக்கல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு!" என்று கத்தினார்கள்.

"ரெண்டு மணி நேரப் படத்துல பல்வலிக்கு எவன் எடம் தருவான்? முதல் அரை மணி, யாரு எவருன்னு விளக்கம். கடைசி அரை மணி, கப்பல் வெடிக்கும். நடுவுல ரெண்டு பேரு கட்டிப்பிடிச்சுக்குவானுங்க. படத்துல ஒவ்வொருத்தனும் யாரையாவது காப்பாத்தணும், இல்ல சாவணும். சும்மா உக்காந்திருக்கறவளுக்கு அங்க என்ன வேலை? தொடர்னா சும்மா இருக்கறவங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதுக்குத்தான நீங்க பதினாலு வருஷம் பாத்தீங்க? இவன் எடுக்கப் போற படத்துல கப்பல் இருக்கும், நாம இருக்க மாட்டோம்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. லைல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். அந்த நிமிஷம் கை தூக்கச் சொல்லியிருந்தால் படம் வேண்டாம் என்று கூரை பிய்ந்திருக்கும்.

ப்ரைஸ் ஒன்றும் பதறவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்து, பல்லைக் காட்டி, மெதுவாகச் சொன்னான்.

"வெர்னா, உங்க நாற்காலி உங்களுக்குத்தான். படத்துலயும் நீங்கதான் அதுல உக்காருவீங்க. வேற யாரும் தொட மாட்டாங்க."

வெர்னா அவனைப் பார்த்தாள். எதற்கும் ஆச்சரியப்படாத அந்த முகம் ஒரு நொடி ஆடியது. பக்கத்தில் நின்ற லைலுக்கு அது தெரிந்தது.

"படம் வரலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றான் ப்ரைஸ்.

வெர்னா கை தூக்கினாள்.

தூக்கினாளே! இத்தனை வாய் பேசிவிட்டு, பேச்சின் ஈரம் காய்வதற்குள், தூக்கினாள். கூட்டம் திகைத்து ஒருவரை ஒருவர் பார்த்தது. பிறகு, ஓர்வாவே சொல்லிவிட்டாள் என்று ஒவ்வொரு கையாக எழும்பியது. கடைசியாகத் தூக்கியவன் லைல். அன்று வீட்டுக்குப் போனதும் வெர்னா கண்ணாடி முன்னால் நின்று, "நக்கற நாய்க்குச் செக்கு என்ன, சிவலிங்கம் என்ன" என்கிற ரீதியில் தன்னைத்தானே நாலு வார்த்தை கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, கலத்தில் போட்ட பழைய சீருடை இன்னும் இடுப்புக்குப் பிடிக்கிறதா என்று போட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

அக்டோபரில், மழையில், ஒரு பெரிய கொட்டகைக்குள் படப்பிடிப்பு. ப்ரைஸ் வாக்குத் தவறவில்லை, நாற்காலி இருந்தது. புதுசு, வழவழவென்று, உட்கார்ந்தால் வழுக்கியது. பலகையில் பொத்தானே இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி. விளக்கெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம். கலத்தின் சுவர் இருந்த இடத்தில் பச்சைத் துணி தொங்கியது. கேப்டனாக வந்தவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. லைலையும் அழைத்திருந்தார்கள், கழுத்தில் 'ஆலோசகர்' என்று அட்டை மாட்டி. ஆலோசனை யாரும் கேட்கவில்லை. அவன் காலையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"வாயிலைத் திற!" என்றான் அந்த அரும்பு மீசைக்காரன்.

வெர்னா கண்ணாடியில் தொட்டாள். மஞ்சள் இருக்க வேண்டிய இடம், வெள்ளை, நீலம், நீலம்.

"கட்!" என்றான் இயக்குநன். முப்பது வயது இருக்கும், காதில் வளையம். "மேடம், ஒரு தடவ தொட்டா போதும். எனக்கு ஒன்றரை செகண்ட்தான் இருக்கு."

வெர்னா தலையாட்டினாள். மறுபடி எடுத்தார்கள். அவள் ஒரு தடவைதான் தொட நினைத்தாள், சத்தியமாக. கை கேட்கவில்லை, நான்கு தொட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது. மூன்றாவது டேக்கிலும் அதே கதை.

"இவங்களுக்குக் காது கேக்குமா?" என்றான் இயக்குநன், அவளிடம் இல்லை, பக்கத்தில் நின்றவனிடம்.

அதற்குள் ரொட்டியும் கையுமாக லைல் தளத்துக்குள் ஓடி வந்துவிட்டான். ஓடுகிற காமிராவுக்கு முன்னால் யாராவது போவார்களா? போனான்.

"சார், நாலு தடவ! நாலுதான் வாயிலுக்கு! இருநூத்திப் பன்னெண்டு தடவ திறந்திருக்காங்க, ஒருதடவகூட மாறினதில்ல! ஒண்ணு தொட்டா திறக்காது சார், பாக்கறவங்களுக்குத் தெரியும்!"

தளமே சிரித்தது. விளக்குப் பிடிக்கிறவன்கூடச் சிரித்தான். லைலின் காது சிவந்தது, ஆனாலும் நகரவில்லை. இயக்குநன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெர்னாவிடம் வந்து குனிந்தான்.

"மேடம், நீங்களே சொல்லிடுங்க. அந்தக் காலத்துல சும்மா கைக்கு வந்ததத்தான அமுக்கினீங்க? அதுக்கு அர்த்தம் கிர்த்தம் ஒண்ணும் இல்லதான? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஆள வெளிய அனுப்பிடறேன். நீங்க ஒரு தடவ தொடுங்க, நாற்காலி உங்களுது, வேலைய முடிப்போம்."

இல்லை என்று சொன்னால் அது உண்மையும்கூட. வெர்னா லைலைப் பார்த்தாள். கையில் கடித்த ரொட்டி, கழுத்தில் அட்டை, கண்ணாடிக்குள் மாட்டுக் கண் மாதிரி இரண்டு பெரிய கண். பொழப்பற்றவன்! இந்த மூடனின் இருநூறு பக்கமும் வாழைப்பழம் என்று இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தால் முடிந்தது. பிறகு இயக்குநனைப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தை ஒன்றரை செகண்டில் அடக்கப் பார்க்கும் அந்தக் காது வளையத்தைப் பார்த்தாள். இவனைவிட அந்தப் பொழப்பற்றவன் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

"நாலு தடவ தொட்டாத்தான் திறக்கும்" என்றாள் வெர்னா, கொட்டகையின் கோடி வரைக்கும் கேட்கும்படி. "ஒரு தடவ தொட்டா திறக்கற கதவுன்னா, பலகை மேல பூனை நடந்தாக்கூடத் திறந்துக்கும். விண்வெளியில அத்தனை பேரும் வாயப் பொளந்துகிட்டுச் செத்திருப்போம். அதுகூடத் தெரியாம நீ கப்பல் ஓட்ட வந்துட்ட!"

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநன் நிமிர்ந்தான்.

"இவங்களுக்குப் பதிலா வேற யாரையாவது உக்கார வைங்க" என்றான்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் இருபது வயதுப் பெண்ணொருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, விரலை நீட்டி, அழகாக ஒரே ஒரு தடவை தொட்டாள். "அருமை!" என்றான் இயக்குநன்.

பேருந்து நிறுத்தத்தில் கூரை ஒழுகியது. லைலின் அட்டையையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இனிப்பு ரொட்டியை எடுத்து நீட்டினான்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

வெர்னா வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் மென்றாள்.

"லைல், ஒண்ணு சொல்றேன், மனசு ஒடிஞ்சு போயிடாத. அது வாழைப்பழம்."

"தெரியும்" என்றான் லைல்.

வெர்னா மெல்லுவதை நிறுத்தினாள்.

"நாலாவது வருஷமே தெரியும். உங்க கல்லாவுல வாழைப்பழம் வாங்கினேன், நீங்க அமுக்கினதப் பாத்தேன். அப்பறம் வெங்காயம் வாங்கிப் பாத்தேன். பதிமூணு வருஷமா வெள்ளிக்கிழமைல உங்க வரிசைலதான் நிக்கறேன். ரெண்டு பஸ் மாறி வரணும். நீங்கதான் யாரு மூஞ்சியையும் நிமிர்ந்து பாக்கறதில்லையே."

"அட மடையா! தெரிஞ்சுகிட்டே இருநூறு பக்கம் எழுதினியா?"

"நீங்க தெரிஞ்சுகிட்டே பதினாலு வருஷம் அமுக்கலியா? என் புத்தகத்துல பொய் எதுவும் இல்லீங்க. எப்பத் தொடுவீங்க, எத்தனை தடவ தொடுவீங்க, ஒருநாளும் மாத்தினதில்லன்னு எழுதினேன். வாழைப்பழம்னு மட்டும் எழுதல."

"ஏன் எழுதல?"

"எழுதினா உங்களக் கடையில நிம்மதியா வேலை செய்ய விடுவானுங்களா? கூட்டமா வந்து வெள்ளித்தாளோட நிப்பானுங்க."

வெர்னாவுக்கு மேசைக்கால் ஞாபகம் வந்தது. நல்ல வேளை, மழை முகத்தில் அடித்தது.

"அன்னிக்கு மேடையில நான் கை தூக்கினேன்ல" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "என்ன நெனச்ச என்னப் பத்தி? காறித் துப்பணும்னு தோணலியா?"

"நீங்க நாற்காலிக்காகத் தூக்கினீங்க. நான் உங்களுக்காகத் தூக்கினேன். படத்துக்காக ரெண்டு பேருமே தூக்கல" என்றான் லைல். பேருந்து வந்தது.

அடுத்த வருஷம் படம் வந்தது. லைலின் கூட்டத்தில் நாற்பது பேர் மெட்ரோடவுன் தியேட்டரில் பகல் காட்சிக்குப் போனார்கள். நடுவில் வெர்னா. முதல் அரை மணி யாரு எவரு என்று விளக்கினார்கள். இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பல்வலி யாருக்கும் வரவில்லை. பிறகு மீசைக்காரன், "வாயிலைத் திற!" என்றான். மூன்றாம் நாற்காலியில் இருந்த பெண் விரலை நீட்டி ஒரு தடவை தொட்டாள். வானம் முழுக்க வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு வாயில் திறந்தது. மற்ற சனங்களெல்லாம் வாய் பிளந்து பார்த்தார்கள். நாற்பது பேர் மட்டும் வெர்னா பக்கம் திரும்பினார்கள்.

"எவன்டா பூனைய உள்ள விட்டது?" என்றாள் வெர்னா, உரக்க.

நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலம் வெடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. டார்ச் விளக்கோடு தியேட்டர் பெண் ஓடி வந்தாள்.

"மேடம், தயவு செஞ்சு படத்துல பேசாதீங்க."

"பதினாலு வருஷம் பேசாம இருந்தாச்சு கண்ணு" என்றாள் வெர்னா. "இன்னிக்குப் பேசிட்டுத்தான் போவேன்."

வீட்டில் அவள் சமையலறை மேசை இப்போது மறுபடி ஆடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை லைல் வாழைப்பழத்தோடு வரிசையில் வந்து நின்றபோது, வெர்னா நிமிர்ந்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான்கு தடவை அமுக்கினாள்.

"ஏய் லைல், அறுபத்தோராம் பக்கத்துல தப்பா எழுதியிருக்க" என்றாள். "அந்த வாரம் எதிரி வரல. அது எலுமிச்சை."